என்பிஏ சம்பள உச்சவரம்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாலை வேளையில் ஒரு பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்து குழாயடியில் முகம் கழுவும்போது பேச்சு அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏ பக்கம் திரும்பிவிடும். விடியற்காலையில் எழுந்து ஆட்டம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். ஆட்ட விதிகள் எல்லாம் அத்துப்படி. பணக் கணக்கு வந்தால் மட்டும் குழம்பிப்போகிறார்கள். அவர்களும், சில பெற்றோரும், என் வயது நண்பர்களும் கேட்டவற்றை, கேட்ட விதத்திலேயே கீழே தந்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில். ஆண்டு குறிப்பிடாத இடங்களில் 2025-26 சீசன் கணக்கு என்று கொள்ளுங்கள்.

1. சம்பள உச்சவரம்பு என்பது ஒரு வீரருக்கா, மொத்த அணிக்கா?

மொத்த அணிக்கு. ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓராண்டில் தரக்கூடிய சம்பளத்துக்கு லீக் போடும் கோடு அது. 'சேலரி கேப்' என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். 2025-26 சீசனுக்கு அது 15.46 கோடி டாலர். எல்லா 30 அணிகளுக்கும் ஒரே தொகை. நியூயார்க் போன்ற பெருநகர அணிக்கும் சரி, ஓக்லஹோமா சிட்டி போன்ற சிறிய ஊர் அணிக்கும் சரி.

மேலே ஒரு கோடு இருப்பதுபோலக் கீழேயும் ஒன்று உண்டு. உச்சவரம்பில் 90 சதவீதத்தையாவது, அதாவது சுமார் 13.92 கோடியை, ஒவ்வோர் அணியும் வீரர்களுக்காகச் செலவிட்டே ஆகவேண்டும். மலிவான வீரர்களை வைத்து ஒப்பேற்றிவிட்டு உரிமையாளர் லாபத்தை மூட்டை கட்டுவதற்கு இது தடை. தனி வீரருக்கான வரம்பு வேறு. அது 6ஆம் கேள்வியில் வருகிறது.

2. இந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள்? லீக்கின் தலைவரான கமிஷனர் நினைத்தால் ஏற்றலாமா?

முடியாது. தொலைக்காட்சி உரிமை, டிக்கெட், விளம்பரம், சீருடை விற்பனை என்று கூடைப்பந்தால் வரும் வருமானத்தை லீக் முழுவதுமாகக் கூட்டுகிறார்கள். அதில் 49 முதல் 51 சதவீதம் வீரர்களுக்கு என்று லீக்கும் வீரர்கள் சங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அந்தப் பங்கை அணிகளின் எண்ணிக்கையால் வகுத்து, சில கழிவுகள் போக நிற்பதுதான் உச்சவரம்பு. வருமானம் ஏறினால் வரம்பும் ஏறும்.

இந்தப் பதில் மனத்தில் பதியாவிட்டால் மற்றவை எதுவும் விளங்காது. ஒரு வீரருக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் என்ற செய்தி வந்ததும் "பேராசை" என்று பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். வீரர்களின் மொத்தப் பங்கு முன்பே முடிவானது. அவர் குறைத்து வாங்கினால் டிக்கெட் விலை குறையப்போவதில்லை. இதைக் காக்க ஒரு பூட்டும் உண்டு: ஒவ்வொரு வீரரின் சம்பளத்திலும் 10 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டு முடிவில் வீரர்களுக்குப் போனது ஒப்புக்கொண்ட பங்கைத் தாண்டியிருந்தால், தாண்டிய தொகை அந்தப் பிடித்தத்திலிருந்து உரிமையாளர்களுக்குத் திரும்பும், மீதி வீரர்களுக்கு.

3. இதை எப்போது, எதற்காகக் கொண்டுவந்தார்கள்?

லீக் தொடங்கிய 1946-47 சீசனிலேயே அணிக்கு 55,000 டாலர் என்று ஒரு வரம்பு இருந்தது. ஒரே சீசனில் அதைக் கைவிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் முறை 1983 ஒப்பந்தத்தில் பிறந்தது. அப்போது பல அணிகள் நஷ்டத்தில் தள்ளாடின. வருமானத்தில் 53 சதவீதம் வீரர்களுக்கு உறுதி, அதற்கு ஈடாகச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு என்று இரு தரப்பும் கைகுலுக்கின. 1984-85 சீசனில் வரம்பு 36 லட்சம் டாலர். இன்று அந்தப் பணத்தில் ஒரு நட்சத்திர வீரரை ஒரு மாதம்கூட வைத்திருக்க முடியாது.

4. வரம்பு 15.46 கோடி என்கிறீர்கள். பெரும்பாலான அணிகள் அதைத் தாண்டித்தானே இருக்கின்றன?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. என்பிஏவின் வரம்பு சுவர் அல்ல, வாசல்கள் வைத்த வேலி. வரம்புக்குக் கீழே இருக்கும் அணி, மீதமிருக்கும் பணத்தில் வெளியிலிருந்து யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். வரம்பைத் தொட்டுவிட்ட அணி, விதிவிலக்கு என்ற வாசல்கள் வழியாக மட்டுமே ஒப்பந்தம் போட முடியும்.

அந்த வாசல்களில் பெரியது லாரி பேர்டு விதிவிலக்கு. பாஸ்டன் செல்டிக்ஸின் லாரி பேர்டு பெயரால் வழங்குவது. தன்னிடம் மூன்று சீசன் இருந்த வீரரை, வரம்பை எவ்வளவு தாண்டினாலும், அணி தக்கவைத்துக்கொள்ளலாம். இடையில் வேறு அணிக்கு மாற்றப்பட்டால் இந்த உரிமையும் வீரரோடு சேர்ந்தே போகும். ஒப்பந்தம் முடிந்து அவரே அணி மாறினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சொந்த மண்ணில் வளர்ந்த வீரனை ஊர்க்காரர்கள் இழந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இதில் இருக்கிறது. இந்த விதிப் புத்தகத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

அடுத்தது மிட்லெவல் விதிவிலக்கு: வரம்பைத் தாண்டிய அணியும் வெளியிலிருந்து ஆள் எடுக்க 1.41 கோடி டாலர். கூடுதல் செலவு செய்யும் அணிக்கு அது சுமார் 57 லட்சமாகச் சுருங்கிவிடும். மூன்றாவது, குறைந்தபட்ச சம்பளத்துக்கு வரச் சம்மதிக்கும் வீரர்களை எந்த அணியும் எடுக்கலாம்.

5. ஐபிஎல் ஏலத்தில் அணிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

நோக்கம் ஒன்று, நடைமுறை வேறு. 2025 ஐபிஎல் ஏலத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய். பணப்பை காலியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வாசல் எதுவும் கிடையாது. வீரரும் எந்த அணிக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க முடியாது, ஏலக் கோல் முடிவு செய்துவிடும். என்பிஏவில் ஒப்பந்தம் முடிந்த வீரர் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் அங்கே விதிகள் இவ்வளவு சிக்கலாகின.

6. ஒரு தனி வீரர் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம்?

அனுபவத்தைப் பொறுத்தது. ஆறாண்டு வரை ஆடியவருக்கு அணி வரம்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு 30, பத்தாண்டும் அதற்கு மேலும் 35. 2025-26 கணக்கில் 35 சதவீதம் என்பது 5.41 கோடி. ஆனால் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியின் 2025-26 சம்பளம் 5.96 கோடி. எப்படி என்றால், சதவீதம் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டுக்குத்தான். அதன்பின் ஆண்டுக்கு எட்டு சதவீதம் வரை உயர்வு உண்டு.

முன்பு தனி வீரருக்கு வரம்பே கிடையாது. 1997-98 சீசனில் மைக்கேல் ஜோர்டனின் சம்பளம் 3.31 கோடி; அந்த ஆண்டு ஓர் அணியின் மொத்த உச்சவரம்பே 2.69 கோடி. 1997இல் மினசோட்டாவின் இளம் வீரர் கெவின் கார்னெட் ஆறு ஆண்டுக்கு 12.6 கோடிக்குக் கையெழுத்திட்டதும் உரிமையாளர்கள் மிரண்டார்கள். 1998-99 சீசனில், புதிய ஒப்பந்தம் ஆகும்வரை ஆட்டமே இல்லை என்று கதவை இழுத்து மூடினார்கள். 82 ஆட்டங்கள் ஆடவேண்டிய சீசன் 50 ஆட்டங்களாகக் குறைந்தது. அந்தச் சண்டையின் முடிவில் வந்ததுதான் தனிநபர் வரம்பு. இதனால் உச்ச நட்சத்திரங்கள் தங்கள் மதிப்புக்குக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள் என்பது என் கருத்து. அவர்கள் விட்டுக்கொடுப்பது நடுத்தர வீரர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

7. ஆடம்பர வரி என்கிறார்களே, அரசாங்கத்துக்கா கட்டுகிறார்கள்?

இல்லை, லீக்குக்கு. உச்சவரம்புக்கு மேலே 18.79 கோடியில் இன்னொரு கோடு இருக்கிறது. சீசன் முடியும் நாளில் சம்பளப் பட்டியல் அதைத் தாண்டியிருந்தால் அபராதம். வசூலாகும் தொகையில் பாதி, கோட்டுக்குள் இருந்த அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வீரர் மாற்றத்துக்கான கெடு முடியும் பிப்ரவரி மாதத்தில் சில அணிகள் ஓரிரு வீரர்களை அவசரமாகத் தள்ளிவிடுவது இந்தக் கடைசி நாளை நினைத்துத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் அணி கோட்டை ஒரு கோடி டாலர் தாண்டிவிட்டது என்று வையுங்கள். முதல் 56.85 லட்சத்துக்கு டாலருக்கு ஒரு டாலர் வரி. மீதி 43.15 லட்சத்துக்கு டாலருக்கு ஒன்றேகால். ஆக மொத்தம் சுமார் 1.11 கோடி. இதே அணி முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்று முறை வரி கட்டியிருந்தால் விகிதம் மூன்று டாலரிலும் மூன்றேகாலிலும் தொடங்கும். அதே ஒரு கோடிக்கு வரி 3.11 கோடி. மேலே போகப்போக விகிதம் இன்னும் ஏறும். அதனால்தான் கடைசியாகச் சேர்க்கும் சாதாரண வீரர் ஒருவர்கூட அணிக்குச் சம்பளத்தைவிடப் பல மடங்கு விலையாகிறார்.

8. 'ஏப்ரன்' என்று ஒரு சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அது என்ன?

வரிக் கோட்டுக்கும் மேலே போடப்பட்ட இரண்டு கோடுகள். முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது 20.78 கோடி. இரண்டாவது ஏப்ரன் 2023 ஒப்பந்தத்தில் வந்தது. காரணம் எளிது: பெரும் செல்வந்தர்களுக்கு வரி உறைக்கவில்லை. 2021-22 சீசனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சம்பளத்துக்கு இணையாகச் சுமார் 17 கோடியை வரியாகக் கட்டியது, கோப்பையையும் வென்றது.

ஆகவே இப்போது தண்டனை பணத்தில் மட்டும் இல்லை, அணி கட்டும் உரிமையிலும் இருக்கிறது. முதல் ஏப்ரனைத் தாண்டினால், வீரர் மாற்றத்தில் கொடுப்பதைவிட அதிகச் சம்பளத்தைத் திரும்ப வாங்க முடியாது. இரண்டாவதையும் தாண்டினால் மிட்லெவல் வாசல் அடைபடும். இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. மாற்றத்தில் ரொக்கம் சேர்த்துக் கொடுக்க முடியாது. டிராஃப்ட் என்பது புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நிகழ்வு; ஏழு ஆண்டு தள்ளி வரும் அதன் முதல் சுற்றுத் தேர்வை யாருக்கும் கொடுக்க முடியாமல் பூட்டிவிடுவார்கள். அடுத்த நான்கு ஆண்டில் இன்னும் இரண்டு முறை தாண்டினால், அந்தத் தேர்வு சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும்.

9. பாஸ்டன் 2024இல் கோப்பை வென்றது. அடுத்த ஆண்டே அந்த அணியை ஏன் பிரித்தார்கள்? மனசே கேட்கவில்லை.

எனக்கும் கேட்கவில்லை. ஜெய்லன் பிரவுனுக்கு 2023இல் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 28.5 கோடி, ஜேசன் டேட்டமுக்கு 2024இல் ஐந்து ஆண்டுக்கு 31.4 கோடி. இரண்டும் பாஸ்டனே வளர்த்த வீரர்களுக்கு, 4ஆம் பதிலில் சொன்ன முறைப்படி கொடுக்கப்பட்ட நியாயமான தொகைகள். ஆனால் அணி இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே நின்றது. 2025-26 சீசனுக்கு எல்லோரையும் வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடியை எட்டும் என்று கணக்கிட்டார்கள். இதற்கிடையே 2025 மே மாதம் நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் டேட்டமுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது.

அதன்பிறகு முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. ஜ்ரூ ஹாலிடே போர்ட்லாந்துக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அல் ஹோர்ஃபோர்டும் போய்விட்டார். எதிரணி எதுவும் அவர்களைப் பிரிக்கவில்லை. ஒரு கூட்டல் கணக்கு பிரித்தது.

இந்த விதியை ஆதரிப்பவர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள்: 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் கோப்பை வென்றிருக்கின்றன. உண்மைதான். அதற்கு முழுக் காரணம் இந்த விதியல்ல; அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் இரண்டாவது ஏப்ரன் வருவதற்கு முந்தையவை. வெளியிலிருந்து பணத்தால் திரட்டிய அணியும், தானே வளர்த்த அணியும் ஒரே தராசில் நிறுக்கப்படுவது தவறு என்றே நினைக்கிறேன். சொந்த டிராஃப்ட் வீரர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது ஏப்ரன் கணக்கில் சேர்க்காமல் விடவேண்டும்.

10. வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது ஏன் எப்போதும் சம்பளம் பொருந்தவேண்டும் என்கிறார்கள்?

வரம்பைத் தாண்டிய இரண்டு அணிகள் மாற்றிக்கொண்டால், போகும் சம்பளமும் வரும் சம்பளமும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் என்ற பெயரில் யாரும் வரம்பை ஏமாற்றிவிடலாம். 2025 பிப்ரவரியில் லூக்கா டான்சிச்சை டல்லாஸ் அணி லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கியது நினைவிருக்கும். இருவரின் சம்பளமும் தலா சுமார் 4.3 கோடி. அந்தப் பொருத்தம் இல்லாதிருந்தால் அவ்வளவு ரகசியமாக, அவ்வளவு சீக்கிரம் அதை முடித்திருக்க முடியாது.

11. 73 ஆட்டம் வென்ற வாரியர்ஸ் அணிக்குக் கெவின் டூரன்ட் எப்படிப் போனார்? அப்போது வரம்பு இல்லையா?

இருந்தது; திடீரென்று எகிறியது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் 2016-17 சீசனில் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. வரம்பு 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. சில ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் கேட்டது. வீரர்கள் சங்கம் மறுத்தது. வாரியர்ஸுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. கணுக்கால் காயங்களால் அவதிப்பட்ட காலத்தில் கரி நான்கு ஆண்டுக்கு 4.4 கோடி என்ற சிறு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். ஹாரிசன் பார்ன்ஸையும் ஆண்ட்ரூ போகட்டையும் விட்டுவிட்டு, கிடைத்த இடத்தில் டூரன்ட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள்.

இப்போது வரம்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று விதி இருக்கிறது. டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றும் 11 ஆண்டுக்குச் செய்திருக்கும் பிரம்மாண்டமான ஒப்பந்தம் 2025-26இல் தொடங்கியபோதும், வரம்பு 14.06 கோடியிலிருந்து சரியாக 10 சதவீதம்தான் ஏறியது.

12. ஒப்பந்தம் முடிந்த வீரரின் பெயர் பட்டியலில் இல்லை. பிறகு ஏன் அவர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்கிறார்கள்?

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். பேர்டு உரிமையுள்ள வீரரோடு ஒப்பந்தம் முடிந்தாலும், அவரைத் தக்கவைக்க விரும்பும் அணியின் கணக்கில் ஒரு தொகை உட்கார்ந்திருக்கும். 'கேப் ஹோல்ட்' என்பார்கள். துண்டை எடுத்துவிட்டால் இடம் காலியாகும், உரிமையும் போய்விடும்.

இதை அழகாகப் பயன்படுத்தியது 2015இல் சான் அன்டோனியோ அணி. காவாய் லெனார்டுக்கு அவர்கள் தரவேண்டிய முதல் ஆண்டுச் சம்பளம் 1.64 கோடி. ஆனால் அவர் பெயரில் கிடந்த துண்டு 72 லட்சம்தான். லெனார்டு கையெழுத்தைச் சில நாள் தள்ளிப்போட்டார். இடையில் கிடைத்த 92 லட்சம் வித்தியாசம் கைகொடுக்க, லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை நான்கு ஆண்டுக்குச் சுமார் 8 கோடிக்கு ஒப்பந்தம் செய்தார்கள். பிறகு, வரம்பைத் தாண்டி, லெனார்டு கையெழுத்திட்டார். தாளில் எழுதிக் காட்டியபோது எங்கள் மைதானத்துப் பையன் ஒருவன் வரிசையை மாற்றி எழுதிப் பார்த்தான்: லெனார்டு முதலில், ஆல்ட்ரிட்ஜ் பிறகு. இடம் போதவில்லை. மறுபடி திருப்பினான். "அட, முதலில் யார் என்பதுதான் விஷயமா" என்றான். அதுதான் விஷயம்.

13. ஆடாத வீரருக்கும் சம்பளம் கொடுக்கவேண்டுமா? வேண்டாம் என்று நீக்கிவிட்டால்?

உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தமென்றால் கொடுத்தே ஆகவேண்டும். வரம்புக் கணக்கிலும் அது நிற்கும். நீக்கும் அணிக்கு ஒரே சலுகை, தொகையை இழுத்துப் பரப்புவது: மீதமுள்ள ஆண்டுகளை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் ஆண்டுகளுக்கு. 2025 ஜூலையில் பிராட்லி பீலை ஃபீனிக்ஸ் அணி அப்படித்தான் விடுவித்தது. அவர் சுமார் 1.39 கோடியை விட்டுக்கொடுத்தார். மீதி ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடி. அதற்கு முந்தைய சீசனில் இந்த ஃபீனிக்ஸ் சுமார் 15 கோடி வரி கட்டி 36 ஆட்டம் மட்டுமே வென்றது.

நோயால் ஆட முடியாமல் போனவர்களுக்கு வேறு வழி உண்டு. மயாமியின் கிறிஸ் பாஷுக்கு ரத்தக் கட்டிகள் வந்து 2016 பிப்ரவரியோடு ஆட்டம் நின்றது. அவர் இனி ஆட முடியாது என்று 2017இல் தீர்மானமானதும், அணியின் வரம்புக் கணக்கிலிருந்து அவர் சம்பளம் நீக்கப்பட்டது. பணம் அவருக்கு ஒழுங்காகக் கிடைத்தது. இந்த மனிதநேயமான விதி இல்லாவிட்டால், நோயாளி வீரரை அணிகள் பாரமாகப் பார்க்கும்.

14. அணிக்காக ஒரு வீரர் குறைத்து வாங்கலாமா? வாங்கிவிட்டு ரகசியமாகப் பணம் பெற்றால் யாருக்குத் தெரியும்?

குறைத்து வாங்கலாம். நியூயார்க்கின் ஜேலன் பிரன்சன் ஓராண்டு காத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு 26.9 கோடிக்குத் தகுதி பெற்றிருப்பார். 2024இலேயே நான்கு ஆண்டுக்கு 15.65 கோடிக்குக் கையெழுத்திட்டார். இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே அணியை வைத்திருக்க அது பெரிதும் உதவியது.

ரகசியம் வெளியே வந்துவிடும். ஜோ ஸ்மித் விவகாரத்தைப் பாருங்கள். மினசோட்டா அணி அவரை ஓராண்டு ஒப்பந்தங்களில் குறைந்த சம்பளத்துக்கு வைத்திருந்தது. பேர்டு உரிமை கிடைத்ததும் பெருந்தொகை தருவதாக எழுதிக்கொடுத்திருந்தது. 2000இல் அந்தத் தாள் வெளிப்பட்டது. கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் 35 லட்சம் டாலர் அபராதம் விதித்து, ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளையும் பறித்தார். பின்னர் அவற்றில் இரண்டு திருப்பித் தரப்பட்டன. ஆனாலும் கார்னெட் தன் உச்சத்தில் இருந்த காலம் அது. அவருக்குத் துணையாக வந்திருக்கவேண்டிய இளம் வீரர்கள் வராமலே போனார்கள்.

15. எல்லா அணிக்கும் ஒரே வரம்பு என்றால் டெக்சாஸ், ஃபுளோரிடா அணிகளுக்கு மட்டும் சாதகம் என்கிறார்களே?

அந்த மாநிலங்களில் மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியாவில் அது மிக அதிகம். ஒரே தொகைக்குக் கையெழுத்திட்டாலும் கையில் நிற்பது வேறுபடும். வெளியூர் ஆட்டங்களுக்குச் சில மாநிலங்கள் தனியாக வரி பிடிப்பதால் வித்தியாசம் கொஞ்சம் குறைகிறது. வரம்புக் கணக்கு இதைக் கண்டுகொள்வதே இல்லை.

16. பெண்கள் லீக்கிலும் இப்படித்தானா? கெய்ட்லின் கிளார்க்குக்கு ஏன் அவ்வளவு குறைவு?

என் மாணவிகள் கேட்டது. 2024இல் டபிள்யூஎன்பிஏவுக்கு வந்தபோது கிளார்க்கின் சம்பளம் 76,535 டாலர். 2025இல் அங்கே ஓர் அணியின் மொத்த வரம்பு சுமார் 15 லட்சம் டாலர். அதுவும் 4ஆம் பதிலில் சொன்ன வாசல்கள் இல்லாத சுவராக இருந்தது. ஒரு டாலர்கூடத் தாண்ட முடியவில்லை. அதனால் இரண்டு நட்சத்திரங்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தால் கடைசி இருக்கையில் இருப்பவரின் வேலை போகும் நிலை இருந்தது.

வருமானமே குறைவு என்ற பதில் பாதிதான் சரி. 2ஆம் பதிலில் பார்த்தோமே, ஆண்களுக்கு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி என்பது எழுதப்பட்ட உரிமை. 2025இல் பெண்கள் கேட்டது ஆண்களின் தொகையை அல்ல. லீக் வளரும்போது தங்கள் வரம்பும் கூடவே வளரும் அந்தப் பங்கு முறையை. அந்த ஜூலையில் இண்டியானாபொலிஸில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன் இரு அணி வீராங்கனைகளும் ஒரே கறுப்பு பனியன் அணிந்து பந்து வீசிப் பழகினார்கள். எங்களுக்குத் தரவேண்டியதைத் தாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது.